கொல்லைப்புறத் தொட்டிக்கு ஓர் அடித்தளம்

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர், வாடகை வீடுகளிலும் அலுவலகக் குடியிருப்புகளிலும் நெடுங்காலம் கழித்தபின், நகரத்தின் விளிம்பில் ஒரு சிறு மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு அமர்கின்றனர். அப்படி அமர்ந்த இல்லங்களில் முதல் கோடையிலேயே எழும் கவலை தண்ணீரைப் பற்றியது. நகராட்சிக் குழாய் குறித்த வேளையில் மட்டும் வரும். சில பேட்டைகளில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அதுவும் பொய்த்தால் லாரியை எதிர்பார்த்து நிற்கவேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் இருந்த அன்பர்களுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே மொட்டைமாடித் தொட்டி ஒன்று போதாமல், கொல்லைப்புறத்தில் தரையோடு தரையாக ஆயிரம் லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

தொட்டியை வாங்குவதில் நாம் காட்டும் அக்கறை பெரிது. எத்தனை அடுக்கு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், கறுப்பு நல்லதா வெள்ளை நல்லதா என்றெல்லாம் நாலு கடை ஏறி விசாரிக்கிறோம். அது உட்காரும் இடத்தைப் பற்றியோ ஒருவரும் கேட்பதில்லை. வேறொரு வேலைக்கு வந்த கொத்தனாரிடம், மீந்த சிமெண்டைக் கொண்டு "ஒரு திட்டு போட்டுவிடு" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் அரை நாளில் போட்டுவிட்டுப் போகிறார். இக்கட்டுரை அந்தத் திட்டைப் பற்றியது.

தண்ணீரின் எடை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பது பள்ளிப் பாடம். ஆயினும் ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன் என்று யாரும் மனத்தில் வாங்கிக்கொள்வதில்லை. காலையில் வெறுந்தொட்டியாக இருவர் தூக்கி வைத்த பொருள் மாலையில் ஒரு சிறு மோட்டார் வண்டியின் எடை கொண்டு நிற்கிறது. 2024 அக்டோபர் 24-ஆம் நாள் புனேக்கு அருகில் போசரியில், தொழிலாளர் முகாம் ஒன்றில் கட்டியிருந்த தற்காலிகத் தண்ணீர்த் தொட்டி இடிந்து விழுந்து ஐவர் மாண்டனர். அது நம் கொல்லைத் தொட்டியைவிடப் பெரியது, கட்டுமானமும் வேறு. எனினும் தேங்கிய நீரைச் சாதாரணப் பொருளாக எண்ணலாகாது என்பதற்கு அச்செய்தி போதும். நம் தொட்டி சாய்ந்தால் சாயும் பக்கத்தில் துணி துவைப்பவரோ, நிழலுக்கு ஒதுங்கிய குழந்தையோ இருக்கக்கூடும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர்த் தொட்டியின் குறுக்களவு சாதாரணமாக மூன்றரை அடிக்கு மேல், நான்கு அடிக்குள் இருக்கும். அதற்கு ஐந்தடிச் சதுரத்தில், ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு காங்கிரீட்டுத் தளம் போதுமானது. தளத்தின் எடை சுமார் 700 கிலோ. நீரும் தொட்டியும் சேர்ந்தால் மொத்தம் ஒன்றேமுக்கால் டன் ஆகும். இத்தனையும் பரவி நிற்கும் தரைப் பரப்பு 2.3 சதுர மீட்டர். ஆக, ஒரு சதுர மீட்டருக்கு முக்கால் டன் பாரமே மண்ணின்மேல் விழுகிறது. இது மிகுதி என்று தோன்றுகிறதா? அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் வெறுங்காலோடு நின்றால், அவருடைய இரண்டு பாதங்களின் சிறு பரப்பின் கீழே மண் தாங்குவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு டன் அழுத்தம். நிரம்பிய தொட்டியும் தளமும் சேர்ந்து மண்ணை அழுத்துவது அதில் பாதிகூட இல்லை.

அப்படியானால் தளம் ஏன் பிளக்கிறது? தொட்டி ஏன் சாய்கிறது? இங்கேதான் பலரும், கொத்தனார்களுள் சிலரும்கூட, வேறு வழியிற் செல்கிறார்கள். பிளந்த தளத்தைக் கண்டதும் "சிமெண்டு போதவில்லை, கனம் போதவில்லை" என்று முடிவு கட்டி, அடுத்த தடவை எட்டு அங்குலம் போடுகிறார்கள், அதுவும் பிளக்கிறது. பாரத்தால் விளைந்த கேடு அன்று அது. தளத்தின் கீழுள்ள மண் ஒரு பக்கம் எழும்பியும் ஒரு பக்கம் இறங்கியும் அசைவதால் விளைந்தது. நான்கு மூலையும் சேர்ந்து அரை அங்குலம் இறங்கினால் தொட்டிக்கு ஒன்றும் நேராது. ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் இறங்கினால் காங்கிரீட்டு வளைய வேண்டும். வளையும் குணம் அதற்கு இல்லை. எனவே செலவையும் கவனத்தையும் மேலே கொட்டுவதைவிடக் கீழே கொட்டுவதே தகும்.

மகாராஷ்டிரத்திலும் மேற்கு மத்தியப் பிரதேசத்திலும் வட கர்நாடகத்திலும் வாழும் அன்பர்களுக்கு இது மிக முக்கியம். புனேயின் புறப்பகுதிகள், சோலாப்பூர், நாகபுரி, இந்தூர், போபால், ஹூப்ளி ஆகிய இடங்களில் பெரும்பாலும் காலடியில் இருப்பது கரிசல் மண். கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அதனை நாம் அறிமுகப்படுத்த வேண்டா, கி. ராஜநாராயணனின் எழுத்துகளின் வழியே அம்மண்ணை அறிந்தோரும் பலர். தக்காணத்துக் கரிசல், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிப் பரந்த எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை நைந்து உண்டானது. நம் தென்பாண்டிக் கரிசலின் தாய்ப்பாறை வேறு. ஆயினும் குணம் ஒன்றே. சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்ததும் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு உப்பும். பருத்திக்கு அது தாய், கட்டடத்துக்கோ மாற்றாந்தாய். அதிலுள்ள மாண்ட்மாரில்லோனைட் என்னும் களிமண் தாது தன் ஏடுகளுக்கிடையே நீரை ஏற்றுக்கொண்டு பருப்பதும், உலர்ந்ததும் சுருங்குவதுமே அதற்குக் காரணம்.

அம்மண் பருக்கும்போது எழும் விசை சிறிதன்று. சதுர மீட்டருக்கு முக்கால் டன் என்று மேலே கண்டோமே, அந்தப் பாரத்தை அது இலேசாகத் தூக்கிவிடும். இரண்டு மாடி வீட்டின் சுவரையே வெடிக்கச் செய்வது அது. வீட்டின் அடிவாரம் ஆழத்தில் இருப்பதால் வீடு ஓரளவு அசையாமல் நிற்கிறது. கொல்லைத் தளமோ மண்ணின் மேற்பரப்பில், ஈரமும் உலர்ச்சியும் மிகுதியாக மாறும் இடத்தில் மிதக்கிறது. நாகபுரியில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் வைகாசி மாதத்தில், வெடித்துக் கிடந்த கரிசலின்மேல் நேராகவே தளம் இட்டார்கள். ஆடி முடிவதற்குள் சுவரோரம் இருந்த விளிம்பு எழும்பி, தொட்டியையும் வீட்டையும் இணைத்த குழாய் ஒடிந்தது. ஒடிந்த குழாயிலிருந்து கசிந்த நீர் அந்தப் பக்கத்து மண்ணையே மேலும் உப்பச் செய்தது. பார்க்கும்போது தளத்தின் நடுவே பென்சில் நுழையும் அளவுக்குப் பிளவு. கேடு கேட்டை வளர்க்கும் முறை இது.

உங்கள் கொல்லை மண் எத்தகையது என்பதை வீட்டிலேயே ஒருவாறு அறியலாம். ஓரடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, நன்றாக உலர்த்தி, பொடித்து, மெல்லிய சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குழல்களில் பத்துப் பத்து மில்லி லிட்டர் அளவு இப்பொடியை இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் முழுதும் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களிமண் உப்புவதில்லை. ஆதலால் அதுவே அளவுகோல். நீரில் உள்ள மண்ணின் உயரம் மற்றதைவிட ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், அந்த மண்ணின்மேல் நேரே தளம் இடலாகாது. இந்தியத் தர நிர்ணயத்தார் ஆய்வுக்கூடங்களுக்கு விதித்துள்ள சோதனையின் எளிய வடிவமே இது. மண்ணெண்ணெய் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் கோடையில் மண் வெடிக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

கரிசல் என்று தெரிந்தபின் செய்யவேண்டுவது, அதனைத் தோண்டி எடுத்துவிட்டு உப்பாத மண்ணை இட்டு நிரப்புவதே. கரிசல் மண்ணை ஆராய்ந்தவர்களுள் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த ஆர். கே. கட்டி முதன்மையானவர். உப்பாத, ஆனால் ஒட்டுந்தன்மை உள்ள மண்ணை ஓர் அடுக்காக இட்டால் கீழுள்ள கரிசலின் எழுச்சி அடங்கும் என்பதை அவர் காட்டினார். கால்வாய்க் கரைகளில் அம்முறை பயன்பட்டது. நம் சிறு தளத்துக்குக் கால்வாய் அளவு ஆழம் வேண்டா. தளத்தைவிட எல்லாப் பக்கமும் ஓரடி கூடுதலாக, அதாவது ஏழடிச் சதுரத்தில், இரண்டடி ஆழம் தோண்டினால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

நிரப்புவதற்கு மணல் வேண்டா. பலர் மணலே சிறந்ததென்று நம்புகின்றனர். களிமண்ணுக்கு நடுவே மணற்குழி என்பது ஒரு கிண்ணம் போன்றது. சுற்றிலுமுள்ள மழைநீர் அதில் வந்து தங்கி, அடியிலுள்ள கரிசலுக்கு மெல்ல மெல்ல ஊட்டிக்கொண்டிருக்கும். தக்காணத்தில் எங்கும் கிடைக்கும் முரம் என்னும் சரளை மண்ணே ஏற்றது. மராட்டியர் அதனை 'முரூம்' என்பர். கொஞ்சம் ஒட்டும் மண் கலந்த முரமாகப் பார்த்து வாங்கவேண்டும். வெறும் கல்லாக இருந்தால் மணலின் குறையே அதற்கும் உண்டு. நம் ஊரில் நூறு கன அடியை 'ஒரு யூனிட்' என்கிறோம். இங்கே அதற்குப் 'பிராஸ்' என்று பெயர். நமக்குத் தேவை ஒன்றேகால் பிராஸ். குழி நூறு கன அடிதான் என்றாலும், கெட்டிக்கும்போது மண் அமுங்கும் அல்லவா?

கெட்டிப்பதில்தான் மோசம் நடக்கிறது. இரண்டடி மண்ணையும் ஒரே தடவையில் கொட்டி மேலே நாலு குத்துக் குத்தினால், மேல் நான்கு அங்குலம் மட்டும் இறுகும், கீழே பஞ்சு. ஆறு அங்குலத்துக்கு ஓர் அடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே திமிசுக் கட்டையால் இடிக்கவேண்டும். மராட்டிய ஆட்களிடம் 'துமஸ்' என்றால் புரிந்துகொள்வார்கள். நம் திமிசும் அவர்கள் துமஸும் உறவுச் சொற்களே. வடக்கே போனால் 'துர்முட்' என்று கேட்கவேண்டும். ஈரத்தின் அளவையும் கவனியுங்கள். மண்ணைக் கையில் எடுத்து இறுகப் பிடித்தால் உருண்டை நிற்கவேண்டும்; உள்ளங்கை நனையக்கூடாது. குதிகாலால் ஓங்கி மிதித்தால் தடம் பதியாத வரையில் அடுத்த அடுக்குக்குச் செல்லலாகாது. இந்த இடி வேலைக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அதற்குக் கூலி கொடுக்கத் தயங்குபவர்கள் பிறகு சிமெண்டுக்குக் கொடுப்பார்கள்.

கரிசல் இல்லாத ஊர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர்ச் செம்மண் நல்ல மண். மேற்பரப்பிலுள்ள வேரும் இலைமக்கும் கலந்த அரையடியை வழித்தெடுத்துவிட்டு, நான்கு அங்குலம் சரளை இட்டு இடித்தாலே போதும். டில்லி, கான்பூர் முதலிய இடங்களின் ஆற்றுவண்டலும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. எந்த ஊரானாலும் அஞ்சவேண்டியது நிரப்பிய மண்ணுக்கே. வீடு கட்டியபோது அடிவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தை உடைகல்லும் செங்கல் துண்டுமாக மூடி, மேலே மண் தூவியிருப்பார்கள். சாக்கடைக் குழாய் சென்ற தடமும் அப்படியே. தளத்தின் பாதி பழைய மண்ணிலும் பாதி அந்தப் பள்ளத்திலும் அமைந்தால் பிளவு உறுதி. கடப்பாறையை ஓரடிக்கு ஓரிடமாக இறக்கிப் பார்த்தால், எங்கே இலகுவாக இறங்குகிறதென்பது தெரிந்துவிடும். தில்லியிலும் கட்சுப் பகுதியிலும் இருப்போர் நிலநடுக்கத்தையும் மறக்கலாகாது; 2001 ஜனவரி 26-இல் பூஜ் நகரம் பட்ட பாட்டை அறிவோம். அங்கெல்லாம் செங்கற்கால் நாட்டி அதன்மேல் தொட்டியை உயர்த்தி வைப்பதைவிட, தரையோடு அகன்ற தளத்தில் வைப்பதே பாதுகாப்பு.

இனித் தளம். ஐந்தடிச் சதுரத்துக்குப் பலகை அடைத்து, தரைமட்டத்துக்கு மேல் நான்கு அங்குலமாவது தூக்கியிருக்குமாறு அமையுங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலமாவது இடைவெளி விடவேண்டும். இடையில் தெர்மகோல் அட்டை ஒன்றைச் செருகிவிட்டால் கலவை புகாது. வீடு அசையாதபோது தளம் அசையலாம்; இரண்டையும் பிணைத்துவிட்டால் ஒன்றை ஒன்று உடைக்கும். இடித்த மண்ணின்மேல் கனத்த பாலிதீன் தாளை விரிப்பது நல்லது. இல்லையெனில் கலவையின் ஈரத்தைக் கீழ்மண் உறிஞ்சிவிடும். கம்பி எட்டு மில்லி மீட்டர். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக இரு பக்கமும் பின்னினால் ஏறத்தாழ ஒன்பது கிலோ வேண்டியிருக்கும். கம்பி வலையைத் தரையில் கிடத்திவிட்டு, அதன்மேல் காங்கிரீட்டைக் கொட்டுவது எங்கும் காணும் காட்சி. அடியில் மண்ணோடு கிடக்கும் கம்பி துருப்பிடிக்கும். வேறு பயன் தராது. காங்கிரீட்டு வில்லைகளின்மேல் வைத்து, கனத்தின் நடுவில் நிற்குமாறு செய்யவேண்டும்.

சரக்கு அதிகமில்லை. சிமெண்டு இரண்டரை மூட்டை, மணல் நாலரை முதல் ஐந்து கன அடி, இருபது மில்லி மீட்டர் ஜல்லி ஒன்பது கன அடி. விகிதம் ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று. ஒரு மூட்டைச் சிமெண்டு ஒன்றேகால் கன அடி. எனவே உள்ளளவு ஓரடிச் சதுரமும் பதினைந்து அங்குல உயரமும் உள்ள ஒரு பெட்டியைப் பலகையில் அடித்துக்கொண்டால் அளவில் ஏமாற்றம் இராது. சட்டியால் அளந்தால் ஒரு சட்டி குவிந்தும் ஒரு சட்டி வழித்தும் விழும். ஈரமணல் கால் பங்கு வரை உப்பித் தோன்றும் என்பதும் நினைவிருக்கட்டும். மூட்டையின்மேல் அச்சிட்டுள்ள தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள். மூன்று மாதம் கடந்த சிமெண்டை விலை குறைவென்று வாங்கவேண்டா. வடக்கே ஜல்லிக்கு 'கிட்டி' என்றும் டில்லிப் பக்கம் 'ரோடி' என்றும் புனேயில் 'கடி' என்றும் பெயர், கம்பிக்கு 'சரியா'. மொழி தெரியாமையால் கடைக்காரர் கொடுத்ததை வாங்கிவந்து, நாற்பது மில்லி மீட்டர் ஜல்லியோடு விழித்தவர்களை நாம் அறிவோம்.

கலவைக்குத் தண்ணீர் எவ்வளவு? கொத்தனாருக்கும் வீட்டாருக்கும் மனத்தாங்கல் ஏற்படுவது இங்கேதான். ஐம்பது கிலோ மூட்டைக்கு முப்பது லிட்டருக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர விதி. மணலில் உள்ள ஈரமும் அந்த முப்பதில் அடங்கும். அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் 1918-இலேயே இதனை ஆராய்ந்து வெளியிட்டார்: சிமெண்டோடு ஒப்பிட்டால் நீர் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குக் காங்கிரீட்டு வலிமை பெறும். சிமெண்டு இறுகுவதற்கு வேண்டியதைவிட மிகுந்த நீர் பின்னர் ஆவியாகிப் போகும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது, அத்துளைகளே பலவீனம். ஆனால் நீர் மிகுந்த கலவை தானே ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். வேலை செய்பவருக்குக் கை நோகாது. நண்பகல் வெயிலில் பத்து மணி நேரம் உழைக்கும் ஒருவர் இன்னொரு வாளி நீரை விரும்புவதில் வியப்பில்லை. அவரைக் கடிந்து பயனில்லை. குத்துவதற்கு ஓர் ஆளைக் கூடுதலாக அமர்த்துங்கள். நீளக் கம்பியால் நெருக்கமாகக் குத்தி, பலகையின் விளிம்பால் தட்டித் தட்டி மட்டப்படுத்தினால் கெட்டிக் கலவையும் நன்றாக அமரும். கலந்ததை அரை மணிக்குள் இட்டுவிடவேண்டும். தேநீர் வேளை முடிந்து வந்து, இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி நீர் ஊற்றிக் கிளறுவதை மட்டும் எவ்வாற்றானும் தடுத்துவிடுங்கள்.

மேற்பரப்பில் நீர் மினுமினுக்கும்போது அதன்மேல் வெறுஞ்சிமெண்டைத் தூவித் தேய்ப்பது அழகுக்காகச் செய்யும் அவசரம். அந்த ஏடு ஆறு மாதத்தில் உரிந்துவரும். மினுமினுப்பு அடங்கும் வரை காத்திருந்து தேய்க்கச் சொல்லுங்கள். ரசமட்டத்தை வைத்து நான்கு பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடி முழுவதும் தளத்தில் படியவேண்டுமாதலால், ஒரு சிறு ஜல்லி துருத்திக்கொண்டிருந்தாலும் சுரண்டி எடுத்துவிடவேண்டும்.

கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இனிமேல் இருப்பது வீட்டாருடைய வேலை. தளத்தின் ஆயுளில் பாதி இதில்தான் இருக்கிறது. காங்கிரீட்டு உலர்ந்து கெட்டியாவதில்லை. ஈரத்தைக் குடித்துக் கெட்டியாகிறது. இப்போது கடைகளில் கிடைக்கும் சிமெண்டு பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தது. அதற்குக் குறைந்தது பத்து நாள் இடைவிடாத ஈரம் வேண்டும் என்றும், பதினான்கு நாள் ஆனால் நல்லதென்றும் விதி சொல்லுகிறது. 'இடைவிடாத' என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி ஊற்றிவிட்டு நடுவில் நாக்பூர் வெயிலில் காயவிடுவது சடங்கே ஒழிய வேறில்லை. மண்ணால் பாத்தி கட்டி இரண்டு அங்குல நீர் நிறுத்துவது பழைய முறை; அதற்குச் சுமார் நூற்றிருபது லிட்டர் நீர் வேண்டும், சிந்தினால் சுற்றிலுமுள்ள கரிசலும் நனையும். தண்ணீர்ப் பஞ்சத்துக்காகவே தொட்டி வைக்கும் வீட்டில் இது எப்படிக் கூடும்? நனைத்த சணற்சாக்குகளை விரித்து, மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி, காற்றில் பறக்காமல் ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். நாளைக்கு இரு முறை தாளை நீக்கிச் சாக்கைத் தொட்டுப் பார்த்து நனைத்தால் போதும். இரண்டு வாளியில் காரியம் முடியும். சோப்பு நீர் மட்டும் ஆகாது. அலுவலகம் செல்வோரைவிட, வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் இப்பொறுப்பை ஒப்படைப்பது நலம். ஊர் விட்டு ஊர் வந்து பேச்சுத்துணையின்றி இருக்கும் தாத்தாவுக்குப் பதினான்கு நாள் உத்தியோகம் கிடைத்ததாகவும் இருக்கும்.

இவ்வளவுக்கும் ஏற்ற காலம் கார்த்திகை, மார்கழி. மழை ஓய்ந்து, மண் முற்றிலும் உப்பாமலும் முற்றிலும் சுருங்காமலும் இருக்கும் பருவம் அது, வெயிலும் தணிந்திருக்கும்.

மேல்நாட்டார் வழக்கத்தைப் பார்த்து, தோட்டத்தில் வெந்நீர் நிரப்பி நாலைந்து பேர் அமர்ந்து நீராடும் தொட்டியை வாங்கிவைக்க விரும்புவோர் நம்மவரிலும் தோன்றியிருக்கின்றனர். முழங்கால் வலிக்கு இதமென்று சொல்லுகிறார்கள். அதற்கும் அடித்தளம் இதே முறைதான். மண்ணின்மேல் விழும் அழுத்தம் நீரின் உயரத்தைப் பொறுத்தது. அந்தத் தொட்டி அகலமேயன்றி உயரமில்லை ஆதலால் அழுத்தம் குறைவே. ஆனால் அகலம் மிகுந்த தளம் மண்ணின் ஏற்றத்தாழ்வுக்கு மிகுதியாக ஆட்படும். இடிவேலையில் இன்னும் கண்டிப்பு வேண்டும். மின்சாரமும் நீரும் ஓரிடத்தில் சேர்வதால், முப்பது மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும் நல்ல எர்த்தும் இல்லாமல் அதில் கால் வைக்கலாகாது.

தளம் இட்ட பதினான்கு நாளுக்குமுன் தொட்டியை அதன்மேல் நிரப்பவேண்டா. இருபத்தெட்டு நாள் பொறுத்தால் மிக நன்று. வீட்டுக் குழாயோடு இணைக்கும் இடத்தில் ஒரு முழ நீளம் வளையும் குழாய் இருக்கட்டும். தொட்டி வழிந்தால் நீர் எங்கே போகும் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். வழிகுழாயின் வாய் தளத்தின் ஓரத்திலேயே திறந்திருந்தால், நாம் இரண்டடி தோண்டி முரம் நிரப்பியதெல்லாம் வீணாகும். பத்தடி தள்ளி வாழைப் பாத்திக்கோ வாய்க்காலுக்கோ அதனைக் கொண்டுபோய் விடுங்கள். தளத்தைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு, வெளிப்புறம் சரியுமாறு கல் பாவினால் மழைநீரும் ஒதுங்கும்.

முதல் தடவை நிரப்பும்போது மூன்றில் ஒரு பங்காக மூன்று நாளில் நிரப்புங்கள். தளத்தின் நான்கு மூலைகளிலும் ஆணியால் ஒரு குறி இட்டு, நீர் நிறைந்த ரப்பர்க் குழாயைப் பிடித்து ஒவ்வொரு நாளும் மட்டம் பார்த்து, நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதே நான்கு குறிகளையும் முதல் பெருமழை பெய்து பத்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒரு மூலைக்கும் மற்றொன்றுக்கும் கால் அங்குலத்துக்குமேல் வேறுபாடு கண்டால், உடனே தொட்டியைப் பாதியளவு காலி செய்துவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து நீர் மண்ணுக்குள் இறங்குகிறதென்று தேடத் தொடங்குங்கள்.